'பெர்ஃபார்மேட்டிவ்' என்றால் என்ன? 'சொன்னாலே செயல்' என்று பிறந்த வார்த்தை 'சும்மா சீன்' ஆனது எப்படி?

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் பார்ப்பவர் என்றால், 2025-ல் இந்த வார்த்தை உங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது.

ஒரு இளைஞர். கையில் பச்சை நிற மட்சா டீ. தோளில் துணிப்பை. காதில் ஒயர் இயர்போன். மெட்ரோ ரயிலில் நின்றபடி பெண்ணியப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்திருக்கிறார். ஐந்து ஸ்டேஷன் தாண்டியும் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கீழே கமென்ட்டில் ஒரே வார்த்தை: 'பெர்ஃபார்மேட்டிவ்'.

நம்ம ஊர் பாஷையில் சொன்னால், 'சீன் போடுறான்'.

ஆனால் சுமார் 70 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தத்துவப் பேராசிரியர் இந்த வார்த்தையைப் பிரபலமாக்கியபோது அதன் அர்த்தம் கிட்டத்தட்ட நேர் எதிர். 'சொல்வதே செயல்' என்பதுதான் அன்றைய பொருள். இன்றோ 'செயல் மாதிரி தெரியும், ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை' என்ற பொருளில் புழங்குகிறது. இடையில் என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது இதற்கு என்ன அர்த்தம்?

இன்றைய ஆங்கில அகராதிகளில் இந்தச் சொல்லுக்கு முக்கியமாக இரண்டு பொருள்கள் உண்டு.

ஒன்று, மொழியியல், தத்துவம் சார்ந்தது: சொல்லும்போதே ஒரு காரியத்தை நிறைவேற்றிவிடும் பேச்சு.

இரண்டு, நாம் தினமும் பார்ப்பது: மற்றவர்கள் பார்க்க வேண்டும், நம்மைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் செயல்.

இரண்டாவது பொருளில் வரும்போது இது பாராட்டு இல்லை, குற்றச்சாட்டு. 'பெர்ஃபார்மேட்டிவ் மன்னிப்பு', 'பெர்ஃபார்மேட்டிவ் அக்கறை', 'பெர்ஃபார்மேட்டிவ் போராட்டம்' என்று எதற்கு முன்னால் ஒட்டினாலும், அந்த விஷயம் போலி என்று முத்திரை விழுந்துவிடும்.

வார்த்தையின் வேர் எது?

'பெர்ஃபார்ம்' என்ற வினைச்சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூல வடிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு: 'முழுமையாக' என்ற பொருள் தரும் முன்னொட்டு, 'நிறைவேற்று, அளி' என்ற பொருள் தரும் வினை. சேர்த்துச் சொன்னால், 'ஒரு வேலையை முழுசா செய்து முடி' என்று பொருள்.

ஆங்கிலத்தில் முதலில் அந்த அர்த்தம்தான் இருந்தது. கடமையைச் செய்வது, வாக்கை நிறைவேற்றுவது எல்லாமே 'பெர்ஃபார்ம்'. மேடையில் நடிப்பது, இசைப்பது என்ற பொருள் பிற்பாடு, 17-ம் நூற்றாண்டு வாக்கில்தான் வந்து சேர்ந்தது.

ஆக, 'உண்மையில் செய்து முடிப்பது', 'பார்வையாளர் முன் செய்து காட்டுவது' என்ற இரண்டும் ஒரே வார்த்தைக்குள் பல நூறு ஆண்டுகளாகக் குடியிருக்கின்றன. பின்னாளில் வந்த குழப்பத்துக்கு விதை இங்கேதான்.

தமிழிலும் இப்படி ஒரு சொல் உண்டு: 'நிகழ்த்து'. 'உலக சாதனை நிகழ்த்தினார்' என்றால் உண்மையிலேயே செய்துவிட்டார். 'கூத்து நிகழ்த்தினார்' என்றால் பார்வையாளர் முன் ஆடிக் காட்டினார். நாடகம், கூத்து, நடனத்தை 'நிகழ்த்துகலை' என்று சொல்வதும் இந்தச் சொல்லை வைத்துத்தான்.

யார் இந்த ஆஸ்டின்?

ஜே.எல்.ஆஸ்டின். 1911-ல் பிறந்த பிரிட்டிஷ்காரர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றி, நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் இறங்குவதற்கான தகவல்களைத் திரட்டியவர்.

1955-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இவர் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். ஆஸ்டின் 1960-ல் இறந்துவிட, அந்த உரைகள் 1962-ல் புத்தகமாக வந்தன. 'வார்த்தைகளை வைத்துக் காரியம் செய்வது எப்படி' என்பது அந்தத் தலைப்பின் பொருள்.

அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. 'மழை பெய்கிறது' என்று ஒருவர் சொன்னால் அது உண்மையா, பொய்யா என்று ஜன்னலைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் 'இந்தக் கப்பலுக்கு இந்தப் பெயரைச் சூட்டுகிறேன்' என்று ஒருவர் சொன்னால்? அதில் உண்மை, பொய் என்று சரிபார்க்க எதுவும் இல்லை. சொன்ன அந்த நொடியில் கப்பலுக்குப் பெயர் வந்துவிட்டது. சொல்தான் செயல்.

பந்தயம் கட்டுவது, வாக்குக் கொடுப்பது, திருமணத்தில் சம்மதம் சொல்வது, உயில் எழுதுவது எல்லாம் இதே ரகம். இப்படிப்பட்ட பேச்சுக்குத்தான் 'பெர்ஃபார்மேட்டிவ்' என்று பெயர் வைத்தார் ஆஸ்டின். 1956-ல் பி.பி.சி வானொலியில் பேசியபோது, இது புதிய வார்த்தை, அழகில்லாத வார்த்தையும்கூட என்று அவரே கிண்டலாகக் குறிப்பிட்டார்.

நமக்குப் பழக்கமான உதாரணம் வேண்டுமா? பதவியேற்பு விழாவில் '...எனும் நான்' என்று தொடங்கும் உறுதிமொழி. தேர்தலில் ஜெயித்திருக்கலாம், கோட்டைக்கு வெளியே பட்டாசு வெடித்திருக்கலாம். ஆனால் அந்த வாசகத்தைச் சொல்லி முடித்தால்தான் ஒருவர் அமைச்சராகப் பொறுப்பேற்க முடியும்.

சொன்னால் மட்டும் போதுமா?

போதாது. சரியான ஆள், சரியான இடம், ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை, சரியான வார்த்தைகள் எல்லாம் கூடி வர வேண்டும் என்றார் ஆஸ்டின். துறைமுகத்தில் சும்மா நடந்துபோகும் ஒருவர் கப்பலைப் பார்த்து ஒரு பெயரைக் கத்தினால் அது கப்பலின் பெயர் ஆகிவிடாது.

இதற்கு நிஜ வாழ்க்கையில் இரண்டு உதாரணங்கள்.

முதலாவது, பராக் ஒபாமா. 2009 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது, உறுதிமொழி செய்துவைத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒரு வார்த்தையை இடம் மாற்றிச் சொல்லிவிட்டார். உலகமே பார்த்த விழாதான். ஆனாலும் பின்னால் சட்டச் சிக்கல் எதுவும் வந்துவிடக் கூடாது என்று, மறுநாள் வெள்ளை மாளிகையில் ஒபாமா மறுபடியும் உறுதிமொழி எடுத்தார். லட்சக்கணக்கான கூட்டம் இல்லை, மேடை இல்லை. வார்த்தை மட்டும் சரியாக இருந்தது.

இரண்டாவது நம்ம ஊர். புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் பல ஆண்டுகள் சட்டப்படி செல்லாதவையாகவே கருதப்பட்டன. 1967-ல் அண்ணா தலைமையிலான அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில் 'இவரை என் துணையாக ஏற்கிறேன்' என்று இருவரும் சொன்னாலே அது திருமணம். மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோகூடப் போதும். அதற்கு முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் இந்தச் சட்டம் அங்கீகாரம் கொடுத்தது.

கவனித்துப் பாருங்கள். மணமக்கள் சொன்ன வார்த்தை அதேதான். மாறியது சட்டம். வார்த்தைக்கு எங்கிருந்து சக்தி வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மேடைப் பேச்சை ஒதுக்கிவைத்த ஆஸ்டின்

இங்கேதான் ஒரு வேடிக்கை. நாடக மேடையில் ஒரு நடிகர் 'உன்னை மணக்கிறேன்' என்று சொன்னால் அது இந்தக் கணக்கில் வராது என்று ஆஸ்டின் தெளிவாகவே ஒதுக்கிவிட்டார். நடிப்புக்காகச் சொல்லும் வார்த்தை வெறுமையானது என்பது அவர் வாதம். இன்று எந்த அர்த்தத்தில் இந்தச் சொல்லை நாம் பயன்படுத்துகிறோமோ, அதை வாசலிலேயே நிறுத்திவைத்தவர் அதைப் பிரபலமாக்கியவர்தான்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் முக்கியமானது. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் ஒருவர் வாக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அது 'செல்லாத வாக்கு' இல்லை. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். மனதுக்குள் வேறு நினைத்தேன் என்று தப்பிக்க முடியாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அர்த்தம் எப்போது திரும்பியது?

ஆஸ்டினுக்குப் பிறகு இந்தச் சொல் தத்துவத்திலிருந்து இலக்கியம், நாடகம், சமூகவியல் என்று பல துறைகளுக்குப் போனது. அதில் பெரிய திருப்பம், அமெரிக்கச் சிந்தனையாளர் ஜூடித் பட்லர் 1990-ல் எழுதிய 'ஜெண்டர் ட்ரபிள்' என்ற புத்தகம்.

ஆண், பெண் என்ற பாலின அடையாளம் உள்ளே முன்கூட்டியே இருந்து வெளியே வருவது இல்லை. நடை, உடை, பேச்சு என்று திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களால்தான் அது உருவாகிறது என்றார் பட்லர். இதிலும் 'செய்வதால் ஒன்று உண்டாகிறது' என்ற ஆஸ்டினின் கருத்துதான் அடிப்படை.

ஆனால் பலர் இதை 'பாலினம் என்பது நடிப்பு, காலையில் எழுந்து சட்டையை மாற்றுவது மாதிரி மாற்றிக்கொள்ளலாம்' என்று புரிந்துகொண்டார்கள். 1993-ல் வெளியான அடுத்த புத்தகத்தில் பட்லர் இதற்கு விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் 'பெர்ஃபார்மேட்டிவ்' என்றால் 'நடிப்பு' என்ற எண்ணம் பொதுவெளியில் வேர் பிடித்துவிட்டது.

2020: கறுப்புச் சதுரம்

2020 மே 25. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் உயிரிழந்தார். நாடு முழுவதும் போராட்டம் வெடித்தது.

ஜூன் 2 அன்று 'பிளாக்அவுட் டியூஸ்டே'. இசைத்துறையில் வேலை செய்த இரண்டு கறுப்பினப் பெண்கள் தொடங்கிய முயற்சி இது. ஒரு நாள் இசைத் தொழிலையே நிறுத்திவைத்து யோசிப்போம் என்பதுதான் திட்டம். அது பரவப் பரவ, இன்ஸ்டாகிராமில் ஒரு கறுப்புச் சதுரத்தைப் பதிவிடுவது என்று சுருங்கிப் போனது. கோடிக்கணக்கில் பதிவுகள் குவிந்தன.

சிக்கல் என்னவென்றால், பலர் அந்தச் சதுரத்தோடு 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' ஹேஷ்டேக்கையும் சேர்த்துப் போட்டார்கள். போராட்டம் எங்கே நடக்கிறது, உதவி எங்கே கிடைக்கும் என்ற தகவலைத் தேடி அந்த ஹேஷ்டேக்கைத் திறந்தவர்களுக்கு வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள்தான் வந்தன. ஆதரவு காட்டப் போட்ட பதிவே போராட்டத்துக்கு இடைஞ்சல் ஆகிவிட்டது என்று செயற்பாட்டாளர்கள் அப்போதே கண்டித்தார்கள்.

'பெர்ஃபார்மேட்டிவ் ஆக்டிவிசம்' என்ற சொல்லாடல் உலகம் முழுக்கப் பரவியது அந்த நாட்களில்தான்.

2025: 'பெர்ஃபார்மேட்டிவ் மேல்'

ஐந்து ஆண்டுகளில் கோபம் கேலியாக மாறியது. பெண்களுக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு மட்சா குடிக்கிற, பெண்ணியம் பேசுகிற, பெண் பாடகிகளின் பாட்டை மட்டும் கேட்பதாகக் காட்டிக்கொள்கிற ஆண்களுக்கு 'பெர்ஃபார்மேட்டிவ் மேல்' என்று பெயர் வைத்தது ஜென் சி. சியாட்டில், சான்ஃபிரான்சிஸ்கோ போன்ற நகரங்களின் பூங்காக்களில் 'யார் பெரிய பெர்ஃபார்மேட்டிவ் ஆண்' என்று போட்டியே நடந்தது. லபுபு பொம்மையை பையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து கலந்துகொண்டார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு சிக்கலும் உண்டு. நிஜமாகவே புத்தகம் பிடித்துப் போய் ரயிலில் படிப்பவரும் இப்போது ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கிறது: 'பார்க்கிறவங்க சீன்னு நினைப்பாங்களோ?'

உறவுக்காரச் சொற்கள் என்னென்ன?

காட்டிக்கொள்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உண்டு.

* ஆஸ்டென்டேஷியஸ்: பகட்டான. 'முன்னால் நீட்டிக் காட்டு' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. மயில் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்டென்டேஷன்' என்றும் ஒரு பெயர் உண்டு.
* ஃப்ளான்ட்: இருப்பதை எல்லோரும் பார்க்கும்படி காட்டுவது. 16-ம் நூற்றாண்டிலிருந்து புழங்கும் சொல்.
* கான்ஸ்பிக்யுவஸ் கன்சம்ப்ஷன்: அந்தஸ்தைக் காட்டுவதற்காகச் செலவு செய்வது. பொருளாதார அறிஞர் தோர்ஸ்டீன் வெப்ளன் 1899-ல் எழுதிய புத்தகத்தால் பிரபலமானது.
* வெர்ச்சூ சிக்னலிங்: 'நான் நல்லவன்' என்று விளம்பரம் செய்வது.
* ஃப்ளெக்ஸ்: கையை மடக்கித் தசையைக் காட்டுவதில் தொடங்கி, கார், வாட்ச் காட்டுவது வரை வந்துவிட்டது. நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் பேனரும் 'வளை' என்ற அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.

இவற்றில் பெரும்பாலானவை இருப்பதைக் காட்டுவது. 'பெர்ஃபார்மேட்டிவ்' என்பது இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. அதனால்தான் தமிழில் 'பந்தா', 'பகட்டு', 'படாடோபம்' எதுவும் இதற்குச் சரியாகப் பொருந்தாது. 'பாசாங்கு' கிட்டே வருகிறது. பேச்சுவழக்கில் 'சீன்', 'வேஷம்', 'ஒப்புக்குச் செய்றது'. ஆஸ்டின் சொன்ன முதல் பொருளுக்கு 'நிகழ்த்தும் சொல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊர் பார்க்கச் செய்தாலே பொய்யா?

இல்லை. வரலாற்றில் இதற்குப் பெரிய சாட்சி உப்பு சத்தியாகிரகம்.

1930 மார்ச் 12-ல் சபர்மதியிலிருந்து கிளம்பினார் காந்தி. வைஸ்ராய்க்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டார். பாதை ஊருக்கே தெரியும். பத்திரிகையாளர்கள் பின்தொடர்ந்தார்கள், கேமராக்கள் ஓடின. 24 நாள், சுமார் 385 கிலோமீட்டர் நடை. ஏப்ரல் 6 காலையில் தண்டியில் ஒரு பிடி உப்பை எடுத்தார். அந்த ஒரு பிடி உப்பால் பிரிட்டிஷ் கஜானாவுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. முழுக்க முழுக்க ஊர் உலகம் பார்க்கச் செய்ததுதான்.

ஆனால் அது சட்டமீறல். மே மாதம் காந்தி கைது செய்யப்பட்டார். இதே பாணியில் ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் கிளம்பிய ராஜாஜி, உப்பு எடுத்து ஏப்ரல் 30-ல் கைதானார். காட்டுவதும் செய்வதும் அங்கே ஒன்றாகவே நடந்தன. விலையும் கொடுத்தார்கள்.

மன்னிப்பு: வார்த்தைதானே என்று விட்டுவிடலாமா?

பொதுவாழ்வில் 'பெர்ஃபார்மேட்டிவ்' என்ற குற்றச்சாட்டு அதிகம் விழுவது மன்னிப்புக் கேட்பவர்கள் மீதுதான். வெறும் வார்த்தைதானே என்றால், அதைச் சொல்ல அரசுகள் ஏன் இவ்வளவு தயங்குகின்றன?

1919 ஏப்ரல் 13-ல் நடந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நூற்றாண்டையொட்டி, 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். 'மன்னிப்பு' என்ற சொல்லுக்கு மட்டும் போகவில்லை.

ஆஸ்திரேலியாவில் பல பத்தாண்டுகள் பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு இடங்களில் வளர்க்கப்பட்டார்கள். 1997-ல் இதைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. பிரதமர் ஜான் ஹோவர்டு கடைசிவரை அரசு சார்பில் மன்னிப்புக் கேட்கவில்லை. 1999-ல் அவர் கொண்டுவந்த தீர்மானத்திலும் 'வருத்தம்' மட்டுமே இருந்தது. அடுத்து வந்த கெவின் ரட், 2008 பிப்ரவரி 13-ல் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

அப்போதே ஒரு கேள்வி எழுந்தது: 'இழப்பீடு எங்கே?' அந்தக் கேள்வி ஓயவில்லை. 2021-ல், 13 ஆண்டுகள் கழித்து, மத்திய அரசின் நேரடி நிர்வாகத்தில் இருந்த பகுதிகளில் பிரிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலர் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன ஆஸ்டினின் கருத்து இங்கேதான் உதவுகிறது. மனதார சொன்னாரா இல்லையா என்று யாருடைய நெஞ்சையும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் சபையில் சொல்லிவிட்டால், சொன்னவர் அதற்குக் கட்டுப்பட்டவர். 'சொன்னீங்களே, என்ன ஆச்சு?' என்று கேட்கும் உரிமை கேட்டவர்களுக்கு வந்துவிடுகிறது. 'எல்லாம் சீன்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால், அந்த உரிமையை நாமே விட்டுக்கொடுக்கிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த முறை ஒரு தலைவரின் அறிக்கையையோ, நிறுவனத்தின் விளம்பரத்தையோ, நண்பரின் ஸ்டேட்டஸையோ பார்த்து 'பெர்ஃபார்மேட்டிவ்' என்று டைப் செய்யும் முன் இந்த நான்கையும் பாருங்கள்:

* இதைச் செய்ததால் அவருக்கு ஏதாவது விலை கொடுக்க வேண்டியிருந்ததா?
* கேமரா போன பிறகும் அது தொடர்ந்ததா?
* யாருக்காகச் செய்ததாகச் சொல்கிறாரோ, அவர்களுக்கு ஏதாவது மாறியதா?
* சொன்னதைச் செய்யும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா?

நான்குக்கும் பதில் 'இல்லை' என்றால், இன்றைய அர்த்தத்தில் அது 'பெர்ஃபார்மேட்டிவ்'. அதிகாரம் இருக்கிறது, சொல்லியும் விட்டார், ஆனால் இன்னும் எதுவும் நடக்கவில்லை என்றால், அவர் சொன்ன தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேலி கமென்ட்டை விட அதற்கு பதில் சொல்வதுதான் அவருக்குக் கஷ்டம்.